பணம் கட்டியாச்சு, லிமிட் எங்கே?

சனிக்கிழமை காலை ஆறேகால் மணி. மருத்துவமனையின் பில் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தேன். நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து அவசரப் பிரிவில் சேர்த்திருந்தோம். ஆஞ்சியோ செய்ய வேண்டும், அதற்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். கவுன்டரில் இருந்தவர் என் கிரெடிட் கார்டை மெஷினில் செருகினார், நான் பின் நம்பரை அழுத்தினேன். சில நொடிகள் கழித்து ஒரு துண்டுச் சீட்டு வெளியே வந்தது.

"மேடம், டிக்ளைன்னு வருது. வேற கார்டு இருக்குங்களா?"

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்க தம்பி. நேத்து ராத்திரிதான் பாக்கி முழுசும் கட்டினேன்."

மறுபடி போட்டார். மறுபடி அதே சீட்டு. அதன் ஓரத்தில் 51 என்று ஓர் எண் இருந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி வாக்கில், வாரக் கடைசிக்குள் முடித்துவிடலாம் என்று, கார்டு ஆப்பைத் திறந்து மொத்த நிலுவையையும் கட்டியிருந்தேன். 'உங்கள் பணம் பெறப்பட்டது, நன்றி' என்று செய்தியும் வந்திருந்தது. கவுன்டரில் நின்றபடியே ஆப்பைத் திறந்தேன். நிலுவை என்ற இடத்தில் பூஜ்யம். அதற்கு நேர் கீழே, 'பயன்படுத்தக்கூடிய லிமிட்', அதாவது கார்டில் இன்னும் செலவழிக்க முடிகிற தொகை, என்ற இடத்தில், நேற்றுப் பணம் கட்டுவதற்கு முன்பு இருந்த அதே சிறிய தொகை. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். மேல் வரி நான் யாருக்கும் கடன்படவில்லை என்கிறது. கீழ் வரி, நீ இன்னும் கடனில்தான் இருக்கிறாய் என்கிறது.

தம்பி ஓடிவந்து அவன் கார்டைக் கொடுத்தான், வேலை முடிந்தது. அப்பாவும் நல்லபடியாக வீடு திரும்பினார். ஆனால் அந்தப் பத்து நிமிடம் என்னை விட்டுப் போகவில்லை. தம்பி பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால்? அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தோண்டித் துருவிப் படித்தேன், கார்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களைக் கேள்வி கேட்டுக் களைக்க வைத்தேன். எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். கவுன்டரில் நிற்கிற நிலை யாருக்கும் முன்னறிவிப்போடு வருவதில்லை, அதனால் இதை இப்போதே படித்துவிடுங்கள்.

முதலில் அந்த லிமிட் கணக்கு. உங்கள் கார்டின் மொத்த லிமிட் 100 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. இந்த மாதம் வாங்கியதில் 60 கணக்கில் ஏறிவிட்டது. நேற்று வாங்கிய 15 இன்னும் 'பெண்டிங்' என்று நிற்கிறது. அப்படியானால் உங்களிடம் இருப்பது 40 இல்லை, 25. பெண்டிங்கில் இருப்பதும் லிமிட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். வட்டி, தாமதக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் என்று வங்கி போடுகிற எல்லாமும் அந்த 100-க்குள்ளிருந்தே போகும். குடும்பத்தில் வேறு யாருக்காவது துணைக் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தால் அவர்கள் செலவும் இதே 100-இல்தான். பொருளைத் தவணைக்கு மாற்றியிருந்தால், பெரும்பாலான வங்கிகள் முழு அசலையும் முதல் நாளே லிமிட்டிலிருந்து கழித்துவிட்டு, தவணை கட்டக் கட்ட அசல் பங்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும்.

இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான். நான் விழுந்த இடம் அடுத்த படி. 60 கணக்கில் இருக்கிறது, 60-ஐயும் கட்டிவிட்டேன், அப்படியானால் லிமிட்டில் 60 கூட வேண்டும் இல்லையா? கூடும். எப்போது கூடும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கார்டைத் தேய்க்கும்போது நடப்பதைப் பாருங்கள். கடையின் மெஷின் கடையின் வங்கிக்குக் கேள்வி அனுப்புகிறது. அது விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக உங்கள் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி லிமிட்டைப் பார்த்து, சரி அல்லது முடியாது என்று பதில் சொல்கிறது. போய்த் திரும்ப ஓரிரு நொடி. அந்தக் கேள்வி பதிலுக்கென்று ஐஎஸ்ஓ 8583 என்ற உலகப் பொதுத் தரம் ஒன்று 1987-இல் வெளியானது. அதில் ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் உண்டு. 51 என்றால் போதிய தொகை இல்லை. என் சீட்டின் ஓரத்தில் இருந்தது அதுதான். கார்டு கெட்டுப்போகவில்லை, பின் நம்பர் தவறில்லை, திருட்டுச் சந்தேகமும் இல்லை. லிமிட் இல்லை, அவ்வளவுதான். அந்த எண்ணின் பொருள் தெரிந்திருந்தால் இரண்டாவது முறை போடச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆரம்பத்தில் இவ்வளவு வேகம் கிடையாது. 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்குத் தன் கார்டை அனுப்பித் தொடங்கியபோது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கேட்கவே வேண்டாம். 1973-இல், பின்னாளில் விசா என்று பெயர் மாறிய நிறுவனம், கணினி வழியாக அனுமதி கொடுக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. அதிலிருந்து அனுமதி கேட்கிற பக்கம் வேகம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

பணம் கட்டுகிற பக்கம் அப்படி வளரவில்லை. பல இடங்களில் இன்னும் கட்டுக்கட்டாகத்தான் நடக்கிறது. பகல் முழுக்க வாடிக்கையாளர்கள் கட்டிய பணத்தையெல்லாம் சேர்த்து, இரவில் ஒரு மொத்தக் கோப்பாக அனுப்பி, மறுநாள் வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. சனி ஞாயிறு, விடுமுறை நாள் என்றால் அந்தக் கோப்பு காத்திருக்கும். செலவு நொடியில் ஏறுகிறது, கட்டிய பணம் நாள்கணக்கில் இறங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு நடுவில்தான் நான் சனிக்கிழமை காலையில் மாட்டிக்கொண்டேன்.

ஆனால் 'பணம் பெறப்பட்டது' என்று செய்தி வந்ததே? இதைத்தான் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண்ணிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், உங்க பேமென்ட்டைப் பதிவு பண்ணிட்டோம். ஆனா உங்க பேங்க்ல இருந்து பணம் இன்னும் எங்ககிட்ட வந்து சேரலை. அது கிளியர் ஆனதும் லிமிட் ரிலீஸ் ஆகிடும்." பிறகு என் சேமிப்புக் கணக்கைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை 'கட்டிய' பணம் அங்கிருந்து கழிந்தது திங்கட்கிழமைதான். லிமிட் முழுதாகத் திரும்பியது செவ்வாய் மாலை.

அப்போதுதான் ஒரு வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. பணம் கட்டுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில், 'இந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்' என்று கார்டு நிறுவனத்திடம் சொல்கிறோம், அவர்கள் நம் வங்கியிடமிருந்து இழுக்கிறார்கள். கார்டு ஆப்பில் வங்கிக் கணக்கை இணைத்துக் கட்டுவதும், ஆட்டோ டெபிட்டும், காசோலையும் பொதுவாக இந்த வகை. இன்னொன்றில், நம் வங்கியிலிருந்து நாமே பணத்தைக் கார்டுக் கணக்குக்குத் தள்ளிவிடுகிறோம். இழுக்கிற பணம் திரும்பிப் போக வாய்ப்புண்டு. கணக்கில் பணம் இல்லை, கணக்கு மூடப்பட்டது, எண் தவறு என்று நம் வங்கி நாலு நாள் கழித்துக்கூடத் திருப்பிவிடலாம். தள்ளிவிட்ட பணம், அதிலும் உடனடிப் பரிமாற்ற முறையில் அனுப்பிய பணம், பெரும்பாலும் வந்தது வந்ததுதான். அதனால் அந்த வழியில் கட்டினால் லிமிட் சில மணி நேரத்திலோ சில நிமிடங்களிலோகூட ஏறிவிடுகிறது. அப்போதும் சில வங்கிகளின் கார்டுப் பிரிவு இரவில்தான் கணக்கு ஏற்றும் என்பதால் மறுநாள் காலைவரை ஆகலாம்.

வங்கி ஏன் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறது என்று முதலில் எனக்குக் கோபம்தான். காரணத்தைக் கேட்டபின் கோபம் தணிந்துவிட்டது. ஒருவர் லிமிட் 100-ஐயும் செலவழித்துவிட்டார் என்று வையுங்கள். காலியான ஒரு வங்கிக் கணக்கைக் காட்டி 100-ஐக் கட்டுகிறார். வங்கி உடனே லிமிட்டைத் திருப்பிக் கொடுத்தால், மறுநாளே இன்னொரு 100-ஐச் செலவழிப்பார். மூன்றாம் நாள் அந்தக் கட்டணம் பணமில்லை என்று திரும்பி வரும். இப்போது வங்கிக்கு வர வேண்டியது 200, கொடுத்த லிமிட்டோ 100. இப்படியே இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஆளே காணாமல் போகிற மோசடி உண்மையிலேயே உண்டு. வாங்கும் பக்கம் நொடியில் வேலை செய்கிறது, கட்டும் பக்கம் நாள்கணக்கில் வேலை செய்கிறது என்ற அதே இடைவெளிதான் மோசடிக்காரர்களுக்கும் வழி. அந்த இடைவெளியை மூடத்தான் வங்கி லிமிட்டைப் பிடித்து வைக்கிறது.

எல்லாக் கட்டணத்தையும் ஒரே மாதிரி பிடித்து வைப்பதில்லை. வழக்கமாகக் கட்டுகிற அளவு, வழக்கமான கணக்கு, பல வருடப் பழக்கம் என்றால் கட்டிய உடனே லிமிட்டைக் கொடுத்துவிடுகிற வங்கிகள் உண்டு. புதிய கார்டு, புதிதாக இணைத்த வங்கிக் கணக்கு, வழக்கத்தைவிட மிகப் பெரிய தொகை, சமீபத்தில் ஒரு கட்டணம் திரும்பியிருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பிடித்து வைக்கும் நாள் கூடும். என் விஷயத்தில் இரண்டு சேர்ந்துகொண்டன. அந்த மாதம்தான் வேறு வங்கிக்கு மாறி அந்தக் கணக்கை இணைத்திருந்தேன். எப்போதும் பகுதி பகுதியாகக் கட்டுபவள் அன்று மொத்தமாகக் கட்டினேன். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான், வெளியிலிருந்து பார்த்தால் சந்தேகத்துக்குரிய காரியமாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். கூப்பிட்டுக் கேட்கலாம். கட்டணம் நம் வங்கிக் கணக்கிலிருந்து ஏற்கெனவே கழிந்துவிட்டது என்றால், அந்தப் பதிவைச் சொல்லி, லிமிட்டை முன்னதாக விடுவிக்க முடியுமா என்று கேட்கலாம். சிலர் நம் வங்கியோடு பேசிச் சரிபார்த்துவிட்டு விடுவிப்பார்கள், சிலர் முடியாது என்பார்கள். 'பணம் கட்டிட்டேனே' என்று சொன்னால் 'ஆமாம், வந்துவிட்டது' என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: லிமிட் எந்தத் தேதியில் ரிலீஸ் ஆகும்? அதற்குத் தெளிவான பதில் அவர்கள் திரையில் இருக்கும்.

சரி, இது ஒரு கடிகாரம். ஒரே கட்டணம் உண்மையில் மூன்று கடிகாரங்களில் மூன்று வேறு நேரத்தைக் காட்டுகிறது என்று இப்போது நினைக்கிறேன். லிமிட் திரும்புவது ஒன்று. கடைசித் தேதிக்குள் கட்டினோமா என்பது இரண்டாவது. கிரெடிட் ஸ்கோரில், அதாவது நம்மை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று சொல்கிற மதிப்பெண்ணில், என்ன பதிவாகிறது என்பது மூன்றாவது.

இரண்டாவதில் ஒரு நல்ல செய்தி. லிமிட் நாலு நாள் பிடித்து வைக்கப்பட்டாலும், பணம் திரும்பாத வரை, கட்டிய தேதி பொதுவாகக் கட்டிய தேதியாகவே கணக்கில் ஏறும். தாமதக் கட்டணம் வராது. ஆனால் அந்தத் தேதிக்கும் ஒரு நேர வரம்பு உண்டு. அமெரிக்காவில் விதிப்படி கடைசி நாள் மாலை 5 மணிக்குள் வந்ததை அன்றைய தேதியிலேயே ஏற்க வேண்டும், பில்லையும் கடைசித் தேதிக்குக் குறைந்தது 21 நாள் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். மற்ற இடங்களில் நேரமும் நாளும் மாறும். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு ஆப்பில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள், தங்கள் கார்டின் நேர வரம்பை ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது.

கடைசித் தேதி தாண்டினால் அபராதம் மட்டுமா? முழு நிலுவையும் கட்டாமல் கொஞ்சம் பாக்கி வைத்தாலே பல வங்கிகளில் வட்டியில்லாத காலம் போய்விடும். அப்புறம் புதிதாக வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த வட்டியும் லிமிட்டைத்தான் தின்னும். 100-இல் 90 கட்டிவிட்டோம், பத்துதானே பாக்கி என்று நினைத்தால், அடுத்த பில்லில் வட்டி நினைத்ததைவிடக் கூடுதலாக இருக்கும். பல இடங்களில் அது மீதி 10-க்கு மட்டும் போடப்படுவதில்லை, 90 கட்டும்வரை இருந்த முழு 100-க்கும் நாள் கணக்கில் போடப்படுகிறது.

பில் தேதியும் கடைசித் தேதியும் ஒன்றல்ல என்பதை எத்தனை பேர் குழப்பிக்கொள்கிறார்கள்! என் தோழி ஒருத்தி படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி, அவளுக்கே இப்படி நடந்தது. அவளுக்குப் பில் போடும் தேதி 5, கட்ட வேண்டிய கடைசித் தேதி 25. நிலுவை 70 இருந்தபோது, 3-ஆம் தேதியே 40 கட்டிவிட்டாள். 5-ஆம் தேதி பில் 30-க்கு வந்தது, கடைசித் தேதிக்குள் கட்டியே ஆக வேண்டிய ஒரு குறைந்தபட்சத் தொகையும் போட்டிருந்தார்கள். 'இந்த மாசம்தான் 40 கட்டிட்டேனே, குறைந்தபட்சத்தைவிட எவ்வளவோ மேல்' என்று அவள் விட்டுவிட்டாள். 26-ஆம் தேதி தாமதக் கட்டணம் விழுந்தது. 3-ஆம் தேதி கட்டியது பழைய சுழற்சியில் சேர்ந்துவிட்டது. பில் வந்தபின் கட்டுவதுதான் அந்தப் பில்லுக்கான கட்டணம். முன்கூட்டிக் கட்டுகிற பழக்கம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், பொறுப்பாக இருந்ததற்கே அபராதம் கட்டுவதுபோல. முன்னால் கட்டுங்கள், தாராளமாக. ஆனால் பில் வந்ததும் மீதி என்ன நிற்கிறது என்று பார்த்து அதையும் முடித்துவிடுங்கள்.

முன்னால் கட்டுவதால் என்ன லாபம்? அங்கேதான் மூன்றாவது கடிகாரம். பெரும்பாலான கார்டு நிறுவனங்கள் பில் போடுகிற நாளில் உள்ள நிலுவையைத்தான் கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. அது ஒரு நாளின் புகைப்படம் மாதிரி. லிமிட் 100, மாதம் 85 செலவழித்து, ஒரு மாதம் தவறாமல் கடைசித் தேதியில் முழுதாகக் கட்டுகிற ஆளின் புகைப்படத்தில் தெரிவது 85 சதவீதப் பயன்பாடு. அதே ஆள் பில் தேதிக்கு மூன்று நாலு நாள் முன்பு 75-ஐக் கட்டினால் புகைப்படத்தில் 10 சதவீதம். செலவும் ஒன்றுதான், ஒழுங்கும் ஒன்றுதான், வட்டியும் இரண்டு பேருக்கும் இல்லை. ஆனால் கடன் கொடுக்கப் பார்ப்பவருக்கு இரண்டு வேறு ஆட்கள். 1989 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ள ஃபைகோ என்ற கிரெடிட் ஸ்கோரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்ற பகுதிக்குச் சுமார் 30 சதவீத எடை இருக்கிறது. அதில் லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம் என்பது முக்கியமான கணக்கு.

இதற்காக மாதாமாதம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. பயன்பாட்டு விகிதம் பெரும்பாலும் அடுத்த புகைப்படம் வந்ததும் மாறிவிடும். வீட்டுக் கடனுக்கோ வேறு பெரிய கடனுக்கோ விண்ணப்பிக்கப் போகிற இரண்டு மூன்று மாதம் முன்பிருந்து பில் தேதிக்கு முன்னால் கட்டினால் போதும். இங்கேயும் முதல் கடிகாரத்தை மறக்கக் கூடாது. பில் தேதிக்கு முதல் நாள் இரவு கட்டினால் அது கணக்கில் ஏறுவதற்குள் புகைப்படம் எடுத்து முடித்திருப்பார்கள். மூன்று நாலு வேலை நாள் இடைவெளி விடுங்கள்.

முன்னால் கட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல், ஆட்டோ டெபிட். பில் வந்தபின் நாமாகப் பாதியைக் கட்டிவிட்டாலும், சில வங்கிகள் ஆட்டோ டெபிட்டில் பில் தொகை முழுவதையும் எடுத்துவிடும். சில வங்கிகள் கட்டியதைக் கழித்துக்கொண்டு எடுக்கும். முதல் வகையாக இருந்தால் கார்டில் அதிகப் பணம் போய் உட்கார்ந்துவிடும், சேமிப்புக் கணக்கு காலியாகிவிடும். போய் உட்கார்ந்த பணம் பல இடங்களில் லிமிட்டைக் கூட்டிக் காட்டும், ஆனால் அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டும்.

நாம் கட்டுகிற பணம் தொடவே முடியாத ஒன்று, ஹோல்ட். விடுதி அறை, வாடகைக் கார் இவற்றுக்குக் கார்டைக் கொடுத்தால், கடைசிப் பில் எவ்வளவு என்று தெரியாததால் முதலிலேயே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அது செலவு இல்லை, ஆனால் லிமிட் போய்விடும். 20-க்கு ஹோல்ட் போட்டு, கிளம்பும்போது 14-க்குப் பில் போட்டால், இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத நேரங்களில் சில நாள் 34 லிமிட் அடைபட்டு நிற்கும். நிலுவை முழுதையும் கட்டினாலும் அந்த 20 அசையாது. கட்டுகிற பணம் கணக்கில் ஏறிய செலவுக்குத்தான் போகும், ஏறாததைத் தொடாது. ஹோல்ட்டை நீக்கக் கடைப்பக்கமிருந்து தகவல் வர வேண்டும் அல்லது அதன் காலம் முடிய வேண்டும். அது சில நாளிலிருந்து ஒரு மாதம் வரைகூட இழுக்கலாம். வெளியூர்ப் பயணத்துக்குப் போகும்போது லிமிட் ஏன் இவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று திகைப்பவர்களுக்குப் பாதி காரணம் இதுதான்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இதே கதை. அன்றே, கணக்கில் ஏறுவதற்கு முன் ரத்து செய்தால் ஹோல்ட் விலகி லிமிட் சீக்கிரம் வரும். ஏறியபின் ரீஃபண்ட் என்றால் அது தனிப் பதிவாக, பல நாள் கழித்து வரும். இன்னொன்று, ரீஃபண்ட் வந்ததைப் பெரும்பாலான வங்கிகள் நாம் கட்டிய பணமாகக் கொள்வதில்லை. நிலுவை குறையும், ஆனால் இந்த மாதக் குறைந்தபட்சத் தொகையை நாம் தனியாகக் கட்டத்தான் வேண்டும்.

லிமிட் சிறியதாக இருப்பவர்கள் மாதத்தில் இரண்டு மூன்று முறை கட்டி, அதே லிமிட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுண்டு. அவசரத்துக்கு ஒருமுறை செய்வதில் தவறில்லை. 100 லிமிட்டில் மாதாமாதம் 300, 400 என்று சுழற்றினால் வங்கியின் கண்ணில் படும். லிமிட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்பது அதைவிட நேரான வழி என்றே நினைக்கிறேன்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிய செலவு ஒன்று வருகிறது என்று தெரிந்தால் ஒரு வாரம் முன்பே கட்டிவிடுகிறேன், அதுவும் வெள்ளிக்கிழமை இரவில் இல்லை, செவ்வாய் புதனில். அவசரம் என்றால் கார்டு ஆப்பிலிருந்து இழுக்க விடாமல் என் வங்கியிலிருந்தே தள்ளிவிடுகிறேன். புதுக் கணக்கை இணைத்தால் முதலில் ஒரு சிறு தொகை கட்டி, அது ஏறி முடிந்தபின்தான் பெரிய தொகை. பணம் கட்டியபின் நிலுவை வரியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அதற்குக் கீழ் வரியைத்தான் பார்க்கிறேன். மாத நடுவில் எப்போதும் லிமிட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் வைத்திருக்கிறேன். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்காக. இன்னொரு வங்கியின் கார்டு ஒன்றும் வாங்கி, அதைப் பயன்படுத்தாமல் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை தம்பி கூப்பிட்டான். "அக்கா, திங்கக்கிழமை அப்பாவோட அடுத்த செக்கப். எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பெரிய பில் வரும்னு சொல்றாங்க. என் கார்டுல லிமிட் கம்மியா இருக்கு, நாளைக்கு ராத்திரி சம்பளம் வந்ததும் கட்டிடட்டுமா?"

"நாளைக்கு ராத்திரி வேணாம்டா. கையில இருக்கிறதை இன்னைக்கே உன் பேங்க்ல இருந்து அனுப்பு. மீதியைச் சம்பளம் வந்ததும் பார்த்துக்கலாம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். நிலுவை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அதற்குக் கீழ் வரியைச் சிவப்பில் வட்டம் போட்டு, 'வந்துடுச்சுக்கா' என்று எழுதியிருந்தான்.